தெருவோரப் பிள்ளைகளுக்குத் தொழில் கொடுத்த தந்தை புனித தொன் பொஸ்கோ



எருசலேம் தேவாலயத்தின் அழகுவாயில் அருகே நாள்தோறும் கொண்டுவந்து இருத்தப்பட்டு, போவோர் வருவோரிடம் பிச்சை கேட்டு வாழ்ந்த கால் ஊனமுற்ற ஒரு மனிதனைத் திருத்தூதர் பணிகள் நூலிலே நாம் சந்திக்கின்றோம். அவன் எதிர்பார்த்தது ஒரு நாணயத்தை மட்டுமே. பேதுருவின் கையிலோ பணம் இருக்கவில்லை. அவர் இயேசுவின் பெயரால் அம்மனிதனின் வலக்கையைப் பற்றித் தூக்கிவிட்டார். அதுவரை பிறர் கையை நோக்கியிருந்தவன் அன்று முதல் தன் சொந்தக் காலில் நின்றான்; நின்றதோடு அமையாது, இறைவனைப் புகழ்ந்தவாறே ஆலயத்தினுள்ளும் சென்றான்.

பிச்சையிடுவதற்கும் தூக்கிவிடுவதற்கும் இடையேயுள்ள இந்த வேறுபாட்டைத் தம் வாழ்நாள் முழுவதும் செயலில் காட்டிய ஒருவரைத் திருச்சபை ஆண்டுதோறும் ஜனவரி 31 ஆம் திகதி நினைவுகூருகின்றது. அவரே தொன் பொஸ்கோ என நாம் அன்போடு அழைக்கும் புனித யோவான் பொஸ்கோ அடிகளார். தொன் என்பது இத்தாலிய மக்கள் தம் குருக்களை அழைக்கும் மரியாதைச் சொல்லாகும். அவர் சிறுவர்களின் நண்பர் என்பதையும், பாடசாலைகளை அமைத்தவர் என்பதையும் நாம் அறிவோம். ஆயினும், ஒதுங்க இடமின்றி வீதியில் நின்ற இளைஞருக்கு ஒரு கூரையையும், ஒரு கைத்தொழிலையும், நேர்மையான ஒரு வேலையையும் தேடிக் கொடுப்பதற்காக அவர் பட்ட பாடுகளை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. அவற்றை இவ்வாரம் சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம்.

தகப்பனை இழந்த சிறுவன்

வட இத்தாலியின் பியெமொந்தே பிரதேசத்தில், காஸ்தெல்நுவோவோ என்னும் ஊரைச் சார்ந்த பெக்கி என்ற சிற்றூரிலே, 1815 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16 ஆம் திகதி ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் யோவான் பிறந்தார். அவருக்கு இரண்டு வயது நிறைவதற்குள் தந்தை பிரான்செஸ்கோ காலமானார். தாய் மார்கரீத்தா அம்மையார் எழுத்தறிவற்றவராயினும் இறைபக்தியும் உழைப்பும் மிக்கவர். வறுமை சூழ்ந்த அந்த வீட்டிலே அவர் பிள்ளைகளுக்குச் செபத்தையும் உழைப்பையும் ஒருங்கே கற்பித்தார்.

குருவாக வேண்டும் என்ற ஆவல் யோவானின் உள்ளத்தில் இளமையிலேயே வேரூன்றியிருந்தது. அதற்குப் படிப்பு வேண்டும். படிப்புக்குப் பணம் வேண்டும். வீட்டிலோ மூத்த சகோதரனின் எதிர்ப்பு. ஆகையால் பன்னிரண்டு வயதளவிலே அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டு, மொலியா குடும்பத்தாரின் பண்ணையில் கூலியாளாக வேலை செய்ய நேர்ந்தது. பின்னர் காஸ்தெல்நுவோவோவில் ஒரு தையற்காரரின் இல்லத்தில் தங்கிப் படித்தபோது தையற்கலையைக் கற்றார். கொல்லன் பட்டறையிலும் கை பழகினார். கியேரி நகரில் கல்வி கற்ற காலத்தில் ஒரு சிற்றுண்டிச்சாலையில் பணி செய்து, அங்கு படிக்கட்டின் கீழிருந்த ஒடுக்கமான இடத்திலே படுத்துறங்கினார்.

ஊசியையும் சுத்தியலையும் பிடித்த அந்த நாட்களைக் குருத்துவப் பாதையில் ஏற்பட்ட தடைகளாகவே அன்று பலர் கருதியிருப்பர். ஆனால் இறைவனின் திட்டத்தில் எதுவும் வீண்போவதில்லை. இடமின்றி அலைவது எப்படியிருக்கும், பிறருடைய கூரையின் கீழ்ப் படுத்துறங்குவது எப்படியிருக்கும், கையில் ஒரு தொழில் இருப்பது எத்துணை ஆறுதலானது என்பனவற்றை அவர் ஏட்டில் படித்தல்ல, அனுபவித்தே அறிந்துகொண்டார்.

சிறைச்சாலை கற்பித்த பாடம்

1841 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் திகதி தூரின் நகரில் யோவான் பொஸ்கோ குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதன்பின் புனித யோசேப்பு கஃபாசோ அடிகளாரின் வழிகாட்டலில் மேய்ப்புப்பணிப் பயிற்சி பெற்றார். தூரின் நகரச் சிறைச்சாலைகளுக்கு அவரை அழைத்துச் சென்றவரும் அந்தக் குருவே.

தூரின் நகரம் அக்காலத்தில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. கட்டடங்கள் எழும்பின, பட்டறைகள் பெருகின. சுற்றியிருந்த மலைக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் வேலை தேடி நகருக்கு வந்தார்கள். சாரங்களில் ஏறிக் கல்லும் சாந்தும் சுமந்தார்கள். வேலை கிடைத்த நாளில் உண்டார்கள். கிடைக்காத நாளில் பசித்திருந்தார்கள். தங்குவதற்கு இடமில்லாதவர்கள் தெருவோரங்களிலும் தொழுவங்களிலும் இரவைக் கழித்தார்கள். அவர்களுள் சிலர் களவிலும் சண்டையிலும் அகப்பட்டுச் சிறைக்குச் சென்றார்கள்.

சிறையிலே பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையான பிள்ளைகள் அடைபட்டுக் கிடந்ததைக் கண்ட இளங்குருவின் உள்ளம் கலங்கியது. அதனிலும் மேலாக ஒன்று அவரை வருத்தியது. திருந்தி வாழ்வதாக உறுதியளித்து வெளியே சென்றவர்களே சில நாட்களில் மீண்டும் அதே சிறைக்குத் திரும்பி வந்தார்கள். காரணத்தை ஆராய்ந்தபோது அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. வெளியே சென்ற அந்தப் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ள எவரும் இருக்கவில்லை. தம்மை நேசித்து, தமக்காகப் பேசி, ஒரு வேலையில் சேர்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தம்மை அன்போடு வரவேற்க ஒருவர் இருந்திருந்தால், இவர்களில் பலர் இங்கே மீண்டும் வந்திருக்க மாட்டார்கள் அல்லவா என்று அவர் எண்ணினார். அவருடைய பணி முழுவதும் இந்த எண்ணத்திலிருந்தே முளைத்தது.

அமலோற்பவ மாதா திருநாளில்

1841 டிசெம்பர் 8 ஆம் திகதி, அமலோற்பவ மாதா திருவிழா. அசிசியின் புனித பிரான்சிஸ்கு ஆலயத்தில் தொன் பொஸ்கோ திருப்பலிக்காகத் திருவுடை அணிந்துகொண்டிருந்தார். அறையின் மூலையில் ஓர் ஏழை இளைஞன் ஒதுங்கி நின்றான். பூசைக்கு உதவி செய்யுமாறு ஆலயப் பணியாளர் அவனைக் கேட்டார். தனக்குத் தெரியாது என்று அவன் சொன்னதும் கோபங்கொண்டு அவனை அடித்து விரட்டினார். அதைக் கண்ட தொன் பொஸ்கோ பணியாளரைக் கடிந்துகொண்டு, அந்த இளைஞன் தம்முடைய நண்பன் எனக் கூறி உடனே அவனைத் திருப்பி அழைக்கச் செய்தார்.

அவன் பெயர் பர்த்தொலொமேயோ கரெல்லி. அஸ்தியைச் சேர்ந்தவன், வயது பதினாறு, தொழில் மேசன் வேலை. தந்தையும் இல்லை, தாயும் இல்லை. எழுதவோ வாசிக்கவோ தெரியாது. பாடத் தெரியுமா என்று கேட்டபோதும் தெரியாதென்றே தலையசைத்தான். இறுதியில், சீட்டியடிக்கவாவது தெரியுமா என்று குருவானவர் கேட்டதும் அவன் முகத்தில் முறுவல் மலர்ந்தது. அந்த முறுவலோடு நட்பு பிறந்தது. திருப்பலி முடிந்த பின் இருவரும் ஓர் அருள்நிறை மந்திரத்தைச் சொல்லி முதல் மறைக்கல்விப் பாடத்தைத் தொடங்கினார்கள். அடுத்த ஞாயிறு கரெல்லி தன் தோழர்களையும் அழைத்து வந்தான். சில வாரங்களில் அவர்கள் இருபது பேரளவில் ஆயினர்.

ஞாயிற்றுக்கிழமையோடு தம் கடமை முடிந்துவிட்டதாகத் தொன் பொஸ்கோ கருதவில்லை. வார நாட்களில் அவர் அந்தப் பிள்ளைகள் வேலை செய்த கட்டடங்களுக்கும் பட்டறைகளுக்கும் தேடிச் சென்றார். அவர்களோடு பேசினார், முதலாளிமாரிடம் அவர்களைப் பற்றி விசாரித்தார். தம்மைத் தேடி வர ஒருவர் இருக்கின்றார் என்பதில் பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். கேட்பாரற்ற பையன் என நினைத்த ஒருவனுக்காக ஒரு குருவானவர் வந்து நிற்பதைக் கண்ட முதலாளிமாரும் அவர்களை மதிக்கத் தலைப்பட்டார்கள். வேலையற்றவர்களுக்கு நேர்மையான இடங்களை அவரே தேடிக் கொடுத்தார்.

களவு போன போர்வைகள்

இச்சிறுவர்களின் இரைச்சலைச் சகிக்க முடியாத அயலவர்கள் அவர்களை இடத்துக்கு இடம் விரட்டினார்கள். நீண்ட அலைச்சலின் பின், 1846 ஏப்ரல் 12 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று, வல்தொக்கோ என்னும் புறநகர்ப் பகுதியில் பினார்தி என்பவருக்குச் சொந்தமான தாழ்ந்த கொட்டில் ஒன்றில் அவர்களுக்கு நிலையான இடம் கிடைத்தது. அதே ஆண்டு ஜூலை மாதம் கடும் நோயுற்று மரணத்தின் வாசல்வரை சென்ற தொன் பொஸ்கோ, பிள்ளைகளின் உருக்கமான வேண்டுதலால் உயிர் பிழைத்தார். நவம்பர் 3 ஆம் திகதி அவர் பெக்கியிலிருந்து கால்நடையாகத் தூரின் திரும்பியபோது, ஐம்பத்தெட்டு வயதான தாயும் மகனோடு புறப்பட்டு வந்தார். தன் திருமண நகையையும் உடைகளையுங்கூட அந்தப் பணிக்காகவே அவர் செலவிட்டார்.

இரவில் படுக்க இடமில்லாத இளைஞர்களைக் கண்ட தொன் பொஸ்கோ, வைக்கோற் பரணொன்றில் அவர்களைத் தங்க வைத்தார். விரிப்புகளும் கம்பளிப் போர்வைகளும் கொடுத்தார். ஆனால் நடந்தது என்ன? சிலர் விரிப்புகளோடு ஓடிவிட்டார்கள். சிலர் போர்வைகளை எடுத்துச் சென்றார்கள். கடைசியில் வைக்கோலுங்கூடக் களவு போயிற்று.

அன்புக்குரியவர்களே, நம்மில் எவரும் இந்த இடத்தில் கதவைச் சாத்தியிருப்போம். நல்லது செய்யப்போய் நட்டப்பட்டேன் என்று நம் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்தியிருப்போம். தாயும் மகனும் கதவைச் சாத்தவில்லை.

1847 மே மாதத்தில் மழை பெய்த ஓர் இரவு, முற்றாக நனைந்த பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் அவர்களது வாசலில் நின்று ரொட்டியும் தங்க இடமும் கேட்டான். வால்சேசியா மலைப்பகுதியிலிருந்து மேசன் வேலை தேடி வந்த அநாதை அவன். கொண்டுவந்த மூன்று லீராவும் செலவாகிவிட்டது, வேலையோ கிடைக்கவில்லை. மார்கரீத்தா அம்மையார் அவனை அடுப்பருகே அமர்த்தி, ஈர உடையை உலர்த்தி, சூப்பும் ரொட்டியும் கொடுத்தார். ஆனால் எங்கே படுக்க வைப்பது? முன்னைய அனுபவத்தை நினைத்த தாய், இவன் சட்டி பானைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று மகனிடம் கேட்டார். பின்னர் அவரும் அந்தச் சிறுவனுமாக வெளியே சென்று செங்கற்துண்டுகளைப் பொறுக்கி வந்து, சமையலறையிலே நான்கு சிறு தூண்களாக அடுக்கி, அவற்றின்மேல் பலகைகளைப் பரப்பி, ஒரு மெத்தையை விரித்தார்கள். உழைப்பைப் பற்றியும் நேர்மையைப் பற்றியும் இறைபற்றைப் பற்றியும் தாய் அவனுக்குச் சில நல்ல வார்த்தைகள் சொன்னார். செபம் சொல்லி முடிந்ததும் அவனைப் படுக்க வைத்து, சமையலறைக் கதவைப் பூட்டிக்கொண்டார்கள்!

இந்தப் பூட்டு நமக்கு ஆறுதல் தருகின்றது. புனிதர்கள் ஏமாளிகள் அல்லர். களவு போன போர்வைகளை அவர்கள் மறந்துவிடவில்லை. ஆயினும் அந்த நினைவு அவர்களது கதவை அடைக்கவில்லை. விவேகத்தோடு பூட்டிய அந்தச் சமையலறையிலேதான், பிற்காலத்தில் உலகெங்கும் எழுந்த இல்லங்கள் யாவற்றினதும் முதற் கட்டில் போடப்பட்டது. நித்திரைக்குச் செல்லுமுன் பிள்ளைகளுக்குச் சில நல்வார்த்தைகள் சொல்லும் வழக்கத்தைச் சலேசிய இல்லங்கள் அந்தத் தாயிடமிருந்தே பெற்றுக்கொண்டன.

சிறிது காலத்தின் பின், சாலையோர மரமொன்றில் தலையைச் சாய்த்து அழுதுகொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனைத் தொன் பொஸ்கோ கண்டார். தாய் இறந்ததும் வாடகைப் பாக்கிக்காக வீட்டுக்காரர் பொருட்களை எடுத்துக்கொண்டு அவனை வெளியேற்றியிருந்தார். அவனையும் வீட்டுக்கு அழைத்துச் சென்று, பின்னர் ஒரு கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். இவ்வாறு ஒருவர் பின் ஒருவராக வந்த பிள்ளைகளால் அந்த இல்லம் நிறைந்தது. அவர்கள் பகலில் நகரத்துப் பட்டறைகளில் வேலை பழகினார்கள். மாலையில் வீடு திரும்பினார்கள். ஆம், அது அவர்களுக்கு வீடாகவே இருந்தது.

முத்திரைத்தாளில் ஒரு கையொப்பம்

வேலை கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? அக்காலத்தில் தொழில் பழக வந்த சிறுவர்களை வீட்டு வேலைக்காரராகவும் சுமை தூக்குவோராகவும் பயன்படுத்திய முதலாளிமார் பலர். ஆண்டுகள் கழியும், தொழிலோ கைவராது. தவறு செய்தால் அடி விழும். ஓய்வும் கிடையாது, திருப்பலிக்குச் செல்ல நேரமும் கிடையாது.

இதற்குத் தொன் பொஸ்கோ கண்ட வழி, எழுதிக் கைச்சாத்திடப்பட்ட ஒப்பந்தம். அவர் செய்துகொண்ட தொழில் பழகல் ஒப்பந்தங்களுள் 1851, 1852 ஆம் ஆண்டுகளுக்குரியவை இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. 1852 பெப்ரவரியில் யோசேப்பு ஒதாசோ என்ற இளைஞனுக்காகத் தச்சாசிரியர் ஒருவருடன் செய்துகொள்ளப்பட்ட ஒப்பந்தத்தைப் பார்க்கின்றபோது வியப்பே மேலிடுகின்றது. இரண்டு ஆண்டுகளுள் தச்சுத்தொழிலை முழுமையாகக் கற்பித்தல் வேண்டும். தொழிலோடு தொடர்பில்லாத வேலைகளையோ, அவனது வலிமைக்கு மீறிய வேலைகளையோ கொடுத்தலாகாது. பிழை செய்தால் வார்த்தையினால் மட்டுமே திருத்துதல் வேண்டும். ஞாயிறும் திருநாட்களும் அவனுக்கு ஓய்வுநாட்கள். ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுமுறை. ஊதியம் முதல் ஆறு மாதத்துக்கு நாளொன்றுக்கு 30 சதம். அடுத்த ஆறு மாதத்துக்கு 40 சதம். இரண்டாம் ஆண்டில் 60 சதம். இளைஞனும் கீழ்ப்படிவோடும் கவனத்தோடும் தொழில் பழகுவதாக வாக்களித்தான். அவனது நன்னடத்தைக்குத் துணைநிற்பதாகத் தொன் பொஸ்கோவும் உறுதியளித்தார்.

தொழிலாளரைப் பாதுகாக்கும் சட்டங்கள் அரிதாக இருந்த காலம் அது. அவ்வேளையில் ஓர் ஏழைச் சிறுவனின் ஓய்வையும் ஊதியத்தையும் மானத்தையும் முத்திரைத்தாளில் எழுதிவைத்து, அதற்குக் கீழே ஒரு குருவானவர் தம் பெயரை எழுதினார். பெற்றோர் உள்ள பிள்ளைக்குத் தந்தை வந்து நிற்பார். தகப்பனற்ற பிள்ளைக்கு வல்தொக்கோவின் தந்தையே வந்து நின்றார். வீதியில் நிற்கும் ஒருவனுக்கு உணவும் உடையும் இல்லாதது மட்டும் குறையன்று. இவன் நல்லவன், இவனுக்கு நான் பொறுப்பு என்று சொல்ல ஓர் ஆள் இல்லாததே பெருங்குறை. தொன் பொஸ்கோ அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்த மிகப் பெரிய பிச்சை எதுவென்று கேட்டால், அது அவருடைய நல்ல பெயரே.

தொழிலோடு அறிவும் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். இரவு வகுப்புகளில் எழுத்தும் வாசிப்பும் கணக்கும் கற்பிக்கப்பட்டன. பியெமொந்தேயில் புதிய மெற்றிக் அளவுமுறை நடைமுறைக்கு வரவிருந்த வேளையில், கூலியிலும் அளவிலும் தொழிலாளர் ஏமாறாதிருக்க வேண்டுமென்று 1849 இல் அதனை எளிமையாக விளக்கும் ஒரு சிறு நூலை அவரே எழுதினார். 1850 ஆம் ஆண்டு இளந்தொழிலாளரிடையே பரஸ்பர உதவிச் சங்கம் ஒன்றும் ஆரம்பமாயிற்று. ஞாயிறுதோறும் ஒவ்வொருவரும் செலுத்திய சிறு நாணயம், நோயுற்ற அல்லது தம் குற்றமின்றி வேலையிழந்த தோழருக்கு உதவியாயிற்று. நேற்று வரை உதவி பெற்றவர்களே இன்று ஒருவருக்கொருவர் உதவுவோராயினர்.

சொந்தப் பட்டறைகள்

எவ்வளவு கவனம் எடுத்தபோதும், நகரத்துப் பட்டறைகளில் பிள்ளைகள் கேட்ட தீய பேச்சுக்களும் கண்ட தீய முன்மாதிரிகளும் தொன் பொஸ்கோவை வருத்தின. ஆகவே 1853 ஆம் ஆண்டு தம் இல்லத்திலேயே சப்பாத்துத் தைக்கும் பட்டறையையும் தையற் பட்டறையையும் தொடங்கினார். முதல் நாளில் அவரே சிறு வாங்கில் அமர்ந்து, சப்பாத்தின் அடித்தோலைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார். காஸ்தெல்நுவோவோவில் பழகிய ஊசியும் நூலும் இப்போது கைகொடுத்தன.

1854 இல் புத்தகம் கட்டும் பட்டறை ஆரம்பமாயிற்று. அச்சிட்ட தாள்களைப் பிள்ளைகள் மடித்தார்கள். மார்கரீத்தா அம்மையார் அவற்றை ஊசியால் தைத்தார். மாவைக் காய்ச்சிப் பசை செய்தார்கள். ஓரங்களைச் சீர்செய்யச் சமையலறைக் கத்தியே உதவிற்று. பின்னர் தச்சுப் பட்டறையும், 1860களின் தொடக்கத்தில் அச்சகமும் இரும்புப் பட்டறையும் அமைந்தன.

இவை யாவும் இலகுவில் நடந்தேறவில்லை. கூலிக்கு அமர்த்தப்பட்ட தொழிலாசிரியர் சிலர் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதிலும் பார்க்கத் தம் வருமானத்திலேயே கண்ணாயிருந்தனர். ஒழுங்குகளைத் தொன் பொஸ்கோ மீண்டும் மீண்டும் மாற்ற வேண்டியிருந்தது. இறுதியில், 1859 டிசெம்பர் 18 ஆம் திகதி அவர் ஆரம்பித்த சலேசிய சபையிலே, குருக்களோடு அருட்சகோதரர்களும் இணைந்தனர். அச்சடிக்கவும் தைக்கவும் மரம் செதுக்கவும் தெரிந்த அவர்கள், தம் தொழிலையே இறைபணியாக ஏற்றுப் பிள்ளைகளின் அருகே நின்று கற்பித்தனர்.

பணமுடை ஒருநாளும் நீங்கவில்லை. ரொட்டிக்காரருக்குக் கடன், கட்டடக்காரருக்குக் கடன். சீட்டிழுப்புகள் நடத்தியும், செல்வந்தர் வீட்டுப் படிகளில் ஏறி இறங்கியும் அவர் பணம் சேர்த்தார். தாயின் பொறுமையும் ஒருமுறை தளர்ந்தது. தாம் அரும்பாடுபட்டு வளர்த்த தோட்டத்தைப் பிள்ளைகள் விளையாட்டில் மிதித்தழித்ததையும், துவைத்த துணிகளை அழுக்காக்கியதையும் கண்டு மனம் நொந்த அம்மையார், பெக்கிக்கே திரும்பிப் போகப்போவதாக மகனிடம் கூறினார். தொன் பொஸ்கோ மறுமொழி எதுவும் சொல்லவில்லை. சுவரில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைக் கையால் சுட்டிக் காட்டினார். தாயின் கண்கள் நீரால் நிறைந்தன. அவர் போகவில்லை. 1856 நவம்பர் 25 ஆம் திகதி இறைவனடி சேரும்வரை, பெறாத அந்தப் பிள்ளைகளுக்குத் தாயாகவே வாழ்ந்தார்.

கந்தையிலிருந்து நூல்வரை

ஆண்டுகள் சென்றன. வல்தொக்கோவின் கொட்டில் இருந்த இடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வாழும் பேரில்லம் எழுந்தது. 1872 இல் புனித மரிய தொமினிக்கா மசரெல்லோவுடன் இணைந்து, பெண்பிள்ளைகளுக்காகக் கிறிஸ்தவர்களின் சகாய அன்னையின் புதல்வியர் சபையைத் தோற்றுவித்தார். 1875 இல் முதல் மறைபரப்பாளர்கள் ஆர்ஜென்டினாவுக்குப் புறப்பட்டனர்.

1884 ஆம் ஆண்டு தூரின் நகரில் இத்தாலியப் பெருங்கண்காட்சி நடைபெற்றது. அங்கே தொன் பொஸ்கோவின் பிள்ளைகளுக்கும் ஒரு கூடம் இருந்தது. கந்தைத் துணி கூழாகி, கூழ் தாளாகி, தாளில் எழுத்துப் பதிந்து, அது கட்டப்பட்ட நூலாகும் வரையுள்ள வேலைகள் அனைத்தையும் அவர்கள் மக்கள் கண்முன்னே செய்து காட்டினார்கள். எவருக்கும் வேண்டாத கந்தை, எவரும் போற்றும் நூலாயிற்று. அதைச் செய்தவர்களோ, ஒரு காலத்தில் எவருக்கும் வேண்டாதிருந்த பிள்ளைகள். இதைவிடச் சிறந்த மறையுரை வேறென்ன வேண்டும்!

1886 இல் கூடிய சலேசிய சபையின் பொதுப்பேரவை, தொழில் பயிலும் இளைஞருக்கு நல்லொழுக்கமும் இறைபற்றும், பொது அறிவும், தொழிற்றிறனும் ஆகிய மூன்றும் சேர்த்தே கற்பிக்கப்பட வேண்டும் என்று வகுத்தது. கை மட்டும் பழகினால் போதாது. மனிதன் முழுமையாக உருவாக வேண்டும் என்பதே அதன் கருத்தாகும்.

1888 ஜனவரி 31 ஆம் திகதி அதிகாலையில் தொன் பொஸ்கோ தம் எழுபத்திரண்டாவது வயதில் இறைவனடி சேர்ந்தார். 1934 ஏப்ரல் 1 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, பாப்பரசர் 11 ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார். 1958 இல் பாப்பரசர் 12 ஆம் பத்திநாதர் அவரை இத்தாலியத் தொழில் பயிலுநர்களின் பாதுகாவலராக அறிவித்தார். அவரது மைந்தர்கள் 1906 இல் தஞ்சாவூருக்கும், 1956 இல் நம் நாட்டின் நீர்கொழும்புக்கும் வந்து சேர்ந்தனர். தச்சும் இரும்பு வேலையும் இயந்திரத் தொழிலும் கற்பிக்கும் அவர்களது தொழிற்பயிற்சி நிலையங்களில், வல்தொக்கோவின் சுத்தியலோசை நம் மண்ணிலும் ஒலித்தது.

நமக்குரிய அழைப்பு

அன்புக்குரியவர்களே, வீடிழந்து நிற்பதன் துயரம் நம்மில் பலருக்குப் புதிதன்று. ஒரு தறப்பாளின் கீழ் இரவைக் கழித்த குடும்பங்கள் நம் பங்குகளில் உள்ளன. பசித்த நேரத்தில் கிடைத்த உணவுப் பொதியை நன்றியோடு நினைக்கின்றோம். ஆயினும் மீண்டும் நிமிர்ந்து நிற்கச் செய்தது எது என்று எண்ணிப் பார்த்தால், யாரோ ஒருவர் நம்பித் தந்த வேலையும், யாரோ ஒருவர் நமக்காகச் சொன்ன ஒரு நல்ல வார்த்தையுமே நினைவுக்கு வரும்.

நாம் எல்லோரும் பட்டறைகள் அமைக்க முடியாது. ஆனால் கடை நடத்துபவர், பாடசாலையை இடையில் விட்ட ஒரு பிள்ளையைச் சேர்த்து நேர்மையாகத் தொழில் பழக்கலாம். கைத்தொழில் தெரிந்தவர், அதை ஒளிக்காமல் ஒருவனுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். வேலைக்கு வந்த பிள்ளைக்கு உரிய கூலியையும் ஞாயிறு ஓய்வையும் மனமுவந்து கொடுக்கலாம். சிறையிலிருந்தோ மதுவின் பிடியிலிருந்தோ மீண்டு வந்த ஒருவனுக்காக, இவனை நான் அறிவேன் என்று ஒரு முதலாளியிடம் சென்று சொல்லலாம். ஒருமுறை ஏமாந்திருப்போம், போர்வை களவு போயிருக்கும். அடுத்த மழையிரவில் கதவு தட்டப்படும்போது நாம் என்ன செய்யப்போகின்றோம் என்பதே கேள்வி.

நாசரேத்தூர்த் தச்சுப் பட்டறையில் புனித சூசையப்பரோடு உழைத்த ஆண்டவராகிய இயேசுவே, உழைக்கும் கைகளை நீர் புனிதமாக்கினீர். வீடும் வேலையும் இன்றித் தவிக்கும் பிள்ளைகளை எங்கள் கண்முன் நிறுத்தியருளும். நாணயத்தை எறிந்துவிட்டுக் கடந்து செல்லாமல், அவர்களது வலக்கையைப் பற்றித் தூக்கிவிடும் துணிவை, புனித தொன் பொஸ்கோவின் வேண்டுதலால் எங்கள் குடும்பங்களுக்குத் தந்தருளும். ஆமென்.